டயாலிசிஸ் நாற்காலியோடு அலாஸ்காவுக்கு

வியாழன் இரவு, சியாட்டில்

அலாஸ்காவுக்குக் கப்பலில் போகிறோம் என்று சொன்ன நாளிலிருந்து எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அப்போ டயாலிசிஸை என்ன பண்ணுவே?" அதுவும் கப்பல் ஏறுகிறது. மிஷின், ஃபில்டர், ஊசி, நர்ஸ், டெக்னீஷியன், சிறுநீரக டாக்டர் என்று முழுப் பட்டாளமும் ஏறுகிறது. நாளை கிளம்பும் கப்பல் அடுத்த வெள்ளி திரும்பும். இடையில் சனி, திங்கள், புதன் எனக்குத் தண்ணீரின் மேல் டயாலிசிஸ்.

இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதே பல நோயாளிகளுக்குத் தெரியாது. கப்பலில் டயாலிசிஸ் நடத்துவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் அமெரிக்காவில் உண்டு. குறிப்பிட்ட சில பயணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, நோயாளிகள் போதுமான அளவு சேர்ந்ததும் மிஷினையும் ஆட்களையும் ஏற்றுவார்கள். கப்பல் டிக்கெட்டையும் அவர்கள் மூலமாகத்தான் எடுக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று நாமாக டிக்கெட் வாங்கிவிட்டு அப்புறம் டயாலிசிஸ் கேட்டால் நடக்காது. கப்பலின் சாதாரண மருத்துவ அறையை நம்பி யாரும் ஏறிவிடாதீர்கள்.

காகிதம் சேர்ப்பதுதான் பெரிய வேலை. சமீபத்திய டயாலிசிஸ் ஷீட்டுகள், மாத ரத்தப் பரிசோதனை, மருந்துப் பட்டியல், என் டாக்டரின் கையெழுத்து, ஹெபடைடிஸ் பி முடிவு. ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குத் தனி மிஷின் ஒதுக்க வேண்டும் என்பதால் அந்த ஒரு தாளுக்காக மட்டும் திரும்பத் திரும்ப போன் வந்தது.

கரீபியன் தீவுகளுக்கும் இதே வசதி உண்டு. வேண்டாம் என்றது நான்தான். வெயிலில் தாகம் எடுக்கும். சிறுநீர் பிரியாத உடம்பில், குடிக்கிற தண்ணீர் அடுத்த டயாலிசிஸ் வரை உள்ளேயே கிடக்கும். எனக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் அனுமதி. காபி, ரசம், மோர், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். அலாஸ்காவில் ஆகஸ்டிலும் ஸ்வெட்டர் வேண்டும். ஸ்வெட்டருக்குள் இருப்பவளுக்கு ஐஸ் வாட்டர் ஞாபகம் வராது என்பது என் கணக்கு.

இன்று விடிகாலை, நாங்கள் இருக்கும் டாலஸில் வழக்கமான டயாலிசிஸை முடித்துக்கொண்டு மத்தியானம் விமானம் ஏறினோம். பெட்டி எல்லாம் வீட்டுக்காரர் கையில். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கும் இடம்தான் ஃபிஸ்டுலா; எனக்கு அது இருக்கும் இடது கையால் எடை தூக்கக் கூடாது. சும்மா கைவீசி நடந்து வருவதில் எனக்கு வருத்தமும் இல்லை.

வெள்ளி, கப்பல் ஏறிய நாள்

டயாலிசிஸில் இருப்பவர்களுக்குக் காசியும் ராமேஸ்வரமும் சியாட்டில்தான் என்று நான் சொல்வதுண்டு. வீட்டுக்காரர் சிரிப்பார். ஆனால் விஷயம் உண்மை.

செயற்கைச் சிறுநீரகத்தை முதலில் செய்தவர் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப். 1943இல், ஜெர்மன் ஆக்கிரமிப்பு நடந்துகொண்டிருந்தபோது, காம்பன் என்ற சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில் செய்தார். ஆனால் ஒவ்வொரு தடவையும் ரத்தக் குழாயைப் புதிதாக வெட்டித் திறக்க வேண்டும். வெட்ட வெட்ட, கையில் வெட்டுவதற்கு இடம் தீர்ந்துபோகும். அதனால் தற்காலிகமாகச் சிறுநீரகம் நின்றவர்களுக்கு மட்டும்தான் அது பயன்பட்டது. என்னைப் போல நிரந்தரமாக நின்றுபோனவர்களுக்கு வழி இல்லை.

அந்த வழி திறந்தது 1960இல், இந்த ஊரில். பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற டாக்டர், கையின் தமனியிலும் சிரையிலும் டெஃப்லான் குழாய்களைச் செருகி, டயாலிசிஸ் இல்லாத நேரத்தில் இரண்டையும் ஒரு வளைவுக் குழாயால் இணைத்து அப்படியே விட்டுவைத்தார். தோசைக்கல்லில் ஒட்டாத அதே டெஃப்லான்தான். ரத்தமும் அதில் எளிதில் உறைந்து ஒட்டாது. முதலில் அதைப் பொருத்திக்கொண்ட கிளைட் ஷீல்ட்ஸ் அதற்கப்புறம் 11 வருஷம் இருந்தார். 1962இல் ஆஸ்பத்திரிக்கு வெளியே முதல் டயாலிசிஸ் மையமும் இங்கேதான் வந்தது. நாற்காலிகள் கொஞ்சம், நோயாளிகள் நிறைய. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஊர்க்காரர்கள் ஏழு பேர் கொண்ட ஒரு குழு. வயது, வேலை, குடும்பம், சர்ச்சுக்குப் போகிற பழக்கம் வரை பார்த்தார்கள். சேலை கட்டிய ஐம்பத்தாறு வயதுக்காரியை அந்த ஏழு பேர் என்ன செய்திருப்பார்களோ!

என் கையில் இருப்பது டெஃப்லான் இல்லை. தமனியையும் சிரையையும் நேராகச் சேர்த்துத் தைக்கும் ஃபிஸ்டுலா. 1966இல் நியூயார்க்கில் வந்த முறை. தமனியின் வேகம் சிரைக்குள் பாய்ந்து அதைப் பருமனாக்கும். விரல் வைத்தால் பூனை மடியில் படுத்துக்கொண்டு உறுமுவது போல ஓயாமல் அதிரும். காலையில் எழுந்ததும் முதலில் அதைத் தொட்டுப் பார்ப்பது இப்போது பல் தேய்ப்பதற்கும் முந்தின வேலை. அந்தக் கையில் வளையல் போட்டு ரொம்ப நாளாயிற்று.

பியர் 91இல் கப்பல் ஏறினோம். துறைமுகத்தில் கப்பல்காரர்கள் நம்மிடம் வாங்கிக்கொள்ளும் பெட்டி கேபினுக்கு வர ராத்திரி ஆகலாம் என்பதால் மருந்து எல்லாம் என் கைப்பையில். முக்கியமாக செவலமர் மாத்திரை. சாப்பாட்டிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும் மாத்திரை அது. சாப்பாட்டோடு சேர்ந்து போனால்தான் வேலை செய்யும். பெட்டி வந்த பிறகு விழுங்கிப் பிரயோஜனம் இல்லை.

சாயங்காலம் டயாலிசிஸ் குழுவோடு அறிமுகக் கூட்டம். யாருக்கு எத்தனை மணிக்கு நாற்காலி என்று அட்டவணை கொடுத்தார்கள். ஓஹையோவிலிருந்து வந்த பாட்டி ஒருவர், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர் ஒருவர், கல்யாணமாகிச் சில மாதமே ஆன ஒரு பையன். அந்தப் பையனுக்கு இது தேனிலவு. அவன் மனைவி நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தாள்.

சனி, நடுக்கடல்

வான்கூவர் தீவுக்கு வெளிப்புறமாகப் போகிறோம். இந்தப் பக்கம் திறந்த பசிபிக். கப்பல் பெரிசு என்பதால் ஆட்டம் மெதுவாக இருக்கிறது, ஆனால் இருக்கிறது.

டயாலிசிஸில் முதல் வேலை எடை பார்ப்பது. எனக்கு ட்ரை வெயிட் 58 கிலோ. அதாவது உடம்பில் உபரித் தண்ணீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை. அதற்கு மேல் ஏறியது அத்தனையும் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டு, மிஷினில் அந்த அளவை இழுக்கச் சொல்வார்கள். தரையில் இது ஒரு நிமிஷ வேலை. இங்கே தராசில் ஏறி நின்றால் கப்பல் எழும்போது 60.4, இறங்கும்போது 59.1. நர்ஸ் அசரவில்லை. கம்பியைப் பிடிக்காமல் நேராக நிற்கச் சொல்லி, எண்கள் ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்து, நடுவில் ஒன்றை எழுதிக்கொண்டார். "உங்க கால்ல வீக்கம் இருக்கா, மூச்சு வாங்குதா, அதைச் சொல்லுங்க. தராசை விட அதுதான் எனக்கு முக்கியம்" என்றார். பிலிப்பைன்ஸ்காரர். கை ராசியானவர்.

ஊசி விஷயத்தில்தான் எனக்குப் பயம். டயாலிசிஸ் ஊசி சாதாரண ஊசி இல்லை, 15 கேஜ், நல்ல தடிமன். அந்த மாதிரி இரண்டு. ஆடுகிற கப்பலில் அதைக் குத்துவது எப்படி? அவர் என் கையைத் தன் முழங்கை ஊன்றிய மேஜையின் மேலேயே வைத்துக்கொண்டார். கை, மேஜை, அவர் எல்லாம் ஒன்றாகவே ஆடினோம். அப்புறம் ஆட்டம் என்ன ஆட்டம்! ஒரே குத்தில் உள்ளே போய்விட்டது. என் ஊர் சென்டரில் தரை அசையாமலே தேடித் தேடிக் குத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

மிஷின் ஓட ஆரம்பித்த பிறகு டெக்னீஷியனோடு பேச்சுக் கொடுத்தேன். எனக்கு நிமிஷத்துக்கு 350 மில்லி ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்புகிறது. நாலு மணி நேரத்தில் 84 லிட்டர். இருக்கிற ரத்தமே ஐந்து லிட்டருக்குள்தான், அதுவே சுற்றிச் சுற்றி வருகிறது. ஃபில்டரின் மறுபக்கம் ஓடும் திரவத்துக்கு 120 லிட்டர் தண்ணீர் வேண்டும். கப்பல் தண்ணீரை அப்படியே விட முடியாது. குடிதண்ணீரில் கிருமி சாகக் குளோரின் கலந்திருப்பார்கள். குடித்தால் ஒன்றும் இல்லை, ஆனால் டயாலிசிஸில் ரத்தத்துக்கு அருகே வந்தால் சிவப்பணுக்கள் உடையும். அதனால் முதலில் கரி வடிகட்டி, அப்புறம் ஆர்ஓ. ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் முன்னால் சோதனைப் பட்டையை நனைத்துக் குளோரின் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஆளைக் கூப்பிடுகிறார். சுற்றிலும் பசிபிக் பெருங்கடல், இவர் குழாய்த் தண்ணீரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

மத்தியானம் பஃபே. என்னைக் கேட்டால் டயாலிசிஸ்காரர்களுக்குக் கப்பலில் ஆபத்து கடலில் இல்லை, இந்த ஹாலில்தான் இருக்கிறது. உருளைக்கிழங்கு பத்து விதம். தக்காளி, ஆரஞ்சு, வாழைப்பழம், எல்லாமே பொட்டாசியம். அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பில் கைவைக்கும். பழ அலங்காரத்தின் நடுவே நட்சத்திர வடிவில் வெட்டி வைத்திருந்தார்களே, ஸ்டார் ஃப்ரூட், அதைச் சிறுநீரக நோயாளி தொடவே கூடாது. அதிலுள்ள நச்சு வெளியேற வழியின்றி மூளையைத் தாக்கும். விக்கலில் ஆரம்பித்து வலிப்பு வரை போகலாம். தேனிலவுப் பையன் தட்டில் இரண்டு துண்டு இருந்தது. நான் வாய் திறப்பதற்குள் அவன் மனைவி எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். நோட்டுப் புத்தகம் வீண்போகவில்லை.

நான் எடுத்தது முட்டை வெள்ளை ஆம்லெட், சோறு, முட்டைக்கோஸ், ஆப்பிள். டயாலிசிஸுக்கு வராத காலத்தில் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். தொடங்கிய பின் கூட்டச் சொல்வார்கள், மிஷினிலும் கொஞ்சம் போய்விடுவதால். நம் சைவக்காரர்கள் அந்த இரண்டாவது பாதியை மறந்துவிட்டுக் கஞ்சியிலேயே காலம் தள்ளி எலும்பும் தோலுமாகிறார்கள். சமையலறையில் சொல்லி ஒரு கிண்ணம் திராட்சையை உறைய வைத்துத் தரச் சொன்னேன். வாய் வறளும்போது ஒன்று போட்டு அடக்கிக்கொண்டால் அரை டம்ளர் தண்ணீர் மிச்சம்.

ஞாயிறு, கெச்சிக்கன்

மழை. இந்த ஊரில் வருஷத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. சென்னையைப் போல இரண்டரை மடங்கு. குடை பிடிப்பவனைப் பார்த்தாலே வெளியூர்க்காரன் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு தங்கள் பாட்டுக்குப் போகிறார்கள்.

ஊருக்குள் ஓடும் ஓடையில் சால்மன் ஏறிக்கொண்டிருந்தது. கடலில் வளர்ந்த மீன், முட்டையிடப் பிறந்த ஓடைக்கே திரும்பி வருகிறது. நீரோட்டத்தை எதிர்த்து ஓரிடத்திலேயே நின்றுகொண்டு, திடீரென்று ஒரு துள்ளல், மறுபடி பின்னால் வந்து விழும். நன்னீருக்குள் வந்த பின் சாப்பிடுவது கிடையாது. முட்டையிட்டதும் செத்துப்போகும். உப்புத் தண்ணீரிலிருந்து நன்னீருக்கு மாறுவதற்கு அதன் சிறுநீரகமே வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். கடலில் தண்ணீரைக் காப்பாற்றி வைத்த உறுப்பு, ஓடையில் தண்ணீரை விடாமல் வெளியேற்ற வேண்டும். அந்தப் பாலத்தில் நின்று மீனைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அங்கிருந்து சாக்ஸ்மன் என்ற பழங்குடி ஊர், பஸ்ஸில் பத்து நிமிஷம். டோட்டம் கம்பங்கள் நிற்கின்றன. செந்நிற சீடார் மரத்தை முழுசாகச் செதுக்கிய கம்பங்கள். காக்கை, கழுகு, கரடி, ஓநாய். கும்பிடுகிற சிலைகள் என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. குலத்தின் கதையை, உரிமையை, இறந்தவர் நினைவைச் சொல்கிற கம்பங்கள்.

ஒன்றின் உச்சியில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். வில்லியம் செவார்ட். 1867இல் 72 லட்சம் டாலருக்கு ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை வாங்கிய அமெரிக்க அமைச்சர். அடேயப்பா, மரியாதை பண்ணியிருக்கிறார்களே என்று பார்த்தால், கதை நேர்மாறு. அவர் இந்தப் பக்கம் வந்தபோது டிலிங்கிட் பழங்குடித் தலைவர் ஒருவர் பெரிய விருந்து வைத்துப் பரிசுகளைக் குவித்து அனுப்பியிருக்கிறார். இவர்கள் வழக்கப்படி வாங்கியவர் ஒருநாள் திருப்பிச் செய்ய வேண்டும். செவார்ட் செய்யவில்லை. மொய் திருப்பாதவர் என்று ஊரறியக் கம்பம் நட்டு, மூக்கிலும் காதிலும் சிவப்பு வர்ணம் பூசிவிட்டார்கள். எங்கள் ஊரில் மொய் நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து திட்டுவதோடு சரி. இவர்கள் மரத்தில் செதுக்கியிருக்கிறார்கள்! வீட்டுக்காரர் அந்தக் கம்பத்தின் கீழே ரொம்ப நேரம் நின்றார். அவருடைய சித்தப்பா ஒருவர் ஞாபகம் வந்திருக்கும்.

திங்கள், எண்டிகாட் ஆர்ம்

விடிகாலை ஐந்து மணிக்கு நாற்காலி. எண்டிகாட் ஆர்ம் என்ற குறுகிய கடல் நுழைவுக்குள் கப்பல் பனியாற்றைப் பார்க்கப் போகும் நாளில் யாரும் பகலில் மிஷினில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அட்டவணையை அப்படிப் போட்டிருந்தார்கள். இந்தக் கரிசனம் எனக்குப் பிடித்தது.

ஒன்பது மணிக்கு ஊசியை எடுத்து, பஞ்சை அழுத்திப் பிடித்து ரத்தம் நின்றதும் எழுந்தேன். ரத்த அழுத்தம் நூறைத் தொட்டுக்கொண்டிருந்தது. அரைமணி உட்கார்ந்து போங்கள் என்றார் டாக்டர். அந்த அரைமணி வெளியே எல்லாரும் "ஓ" போடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பது இருக்கிறதே!

மேல்தளத்துக்குப் போனபோது இருபக்கமும் செங்குத்தான பாறை மதில். மேலேயிருந்து அங்கங்கே அருவிகள். தண்ணீர் பால் கலந்த பச்சை. பனியாறு பாறையை மாவாக அரைத்துக்கொண்டு வருவதால் அந்த நிறம். மிதக்கும் பனிக்கட்டிகளின் மேல் நீர்நாய்களா என்று பார்த்தால், இல்லை, சீல்கள். தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டன. தூரத்தில் டாஸ் பனியாறு. அதன் முகம் நீலம். பனியிலுள்ள காற்றெல்லாம் அழுத்தத்தில் வெளியேறிக் கெட்டிப்பட்ட பின், உள்ளே புகும் வெளிச்சத்தில் சிவப்பை அது உறிஞ்சிக்கொண்டு நீலத்தை மட்டும் விடுகிறது. புகைப்படத்தில் இந்த நீலம் வராது. வீட்டுக்காரர் நூறு படம் எடுத்தார், ஒன்றிலும் இல்லை.

முகத்திலிருந்து ஒரு துண்டு விழுவதை முதலில் கண் பார்த்தது. சத்தம் அப்புறம்தான் வந்தது. அந்த இடைவெளியை வைத்துத்தான் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு பெரிசு என்று புத்திக்கு எட்டியது. பக்கத்தில் வந்து நின்ற ஓஹையோ பாட்டி கேட்டார்: "இத்தனை ஐஸையும் பார்த்தா உனக்கு என்ன தோணுது?" நான் சொன்னேன், "ஒரு டம்ளர் எடுத்துட்டு வந்திருக்கலாம்னு." அவருக்கு நாளைக்கு முக்கால் லிட்டர்தானாம். இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டயாலிசிஸில் இருக்கிறவர்களுக்கு இடையே மட்டும் செல்லுபடியாகும் ஜோக்குகள் இவை.

மத்தியானம் ஜூனோ. அலாஸ்காவின் தலைநகரம், ஆனால் வெளியூரிலிருந்து சாலையே கிடையாது. விமானம், இல்லை கப்பல். நான் இறங்கவில்லை. டயாலிசிஸ் அன்றைக்கு மத்தியானம் வரும் அசதிக்குப் பெயர் கிடையாது. தூக்கமும் இல்லை, களைப்பும் இல்லை, யாரோ உடம்பிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்ட மாதிரி. "நானும் இருக்கேன்" என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தார். "நீங்க போயிட்டு வாங்க, எனக்குத் தனியா படுக்கணும்" என்று விரட்டிவிட்டேன். மெண்டன்ஹால் பனியாற்றைப் பார்த்துவிட்டு வந்தார். ரொம்பப் பின்வாங்கிவிட்டதாம்.

செவ்வாய், ஸ்காக்வே

இன்றைக்கு மிஷின் இல்லாத நாள், தெம்பான நாள். மலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தோம்.

1896இல் கனடாவின் குளோண்டைக் ஆற்றோரம் தங்கம் கிடைத்தது. சேதி 1897 ஜூலையில் சியாட்டிலுக்கு வந்ததும் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள். இந்த ஸ்காக்வேயில் இறங்கி மலையைத் தாண்டி, பின் ஆற்று வழியாக நூற்றுக்கணக்கான மைல். பாதிப் பேர்கூடப் போய்ச் சேரவில்லை. மலை உச்சியில் கனடா போலீஸ் நின்றுகொண்டு, ஒரு வருஷத்துக்கான சாமான், கிட்டத்தட்ட ஒரு டன், இருந்தால்தான் உள்ளே விடுவேன் என்றது. மாவு, பன்றி இறைச்சி, பீன்ஸ், கூடாரம், மண்வெட்டி. ஒரே மூச்சில் தூக்க முடியுமா? கொஞ்சம் தூக்கிப் போய் வைத்துவிட்டு இறங்கி வந்து மறுபடி கொஞ்சம். குதிரைகள் வழியில் விழுந்து செத்த பள்ளத்தாக்குக்கு இன்றும் செத்த குதிரை ஓடை என்றுதான் பெயர். மூவாயிரம் விலங்குகள் செத்தனவாம்.

ஒயிட் பாஸ் ரயில் பாதையை 1898இல் தொடங்கி 1900இல் முடித்தார்கள். அதற்குள் தங்க வெறி அடங்கிவிட்டது. நம் நீலகிரி ரயில் குன்னூர் வரை ஓட ஆரம்பித்தது 1899. ஒரே காலத்தில் உலகத்தின் இரண்டு மூலைகளில் பாறையைக் குடைந்திருக்கிறார்கள். ஊட்டி ரயிலுக்குப் பல்சக்கரம் உண்டு. இதற்கு இல்லை, வளைந்து வளைந்தே 32 கிலோமீட்டரில் 870 மீட்டர் ஏறிவிடுகிறது. இருப்புப் பாதை மூன்றடி அகலம்தான். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கீழே ஒன்றுமே தெரியாது, பள்ளம் மட்டும். தங்கம் தேடிப் போனவர்கள் நடந்த பழைய பாதை இன்னும் ஒரு கோடாகத் தெரிகிறது.

போக வர மூன்று மணி நேரம். பெட்டிக்கு ஒரு கழிப்பறை, வழி முழுக்க வரிசை. டயாலிசிஸில் இருப்பதால் கிடைக்கும் ஒரே சலுகை இது. நான் எழுந்திருக்கவே இல்லை.

புதன், கடலில்

ஒரு சின்னச் சிக்கல். நேற்று ஊரில் சாப்பிட்ட சூப்பில் உப்பு அதிகம், அதனால் தாகம், அதனால் எடை. இரண்டரைக் கிலோ ஏறியிருந்தது. இழுக்க முடியாத அளவில்லை. ஒரு மணி நேரத்துக்கு, உடம்பு எடையில் கிலோவுக்கு 13 மில்லிக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது கணக்கு. அதற்குள்தான் வருகிறது. ஆனாலும் மூன்றாவது மணி நேரத்தில் வலது கெண்டைக்காலில் சதை முறுக்கிக்கொண்டது. கட்டை விரல் தானாக மேலே மடங்கிப் போய் நிற்கிறது. நர்ஸ் ஓடிவந்து, இழுப்பதை நிறுத்தி, குழாயில் கொஞ்சம் சலைன் விட்டு, பாதத்தைத் தன் வயிற்றில் அழுத்தி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். இரண்டு நிமிஷத்தில் விட்டது. மீதியை விட்டுவிடுவோம், ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அரைக் கிலோ கூடவே வருகிறது.

அந்த நேரம் பார்த்து அறைக்கு வெளியே, "திமிங்கிலம், இடது பக்கம்!" என்று அறிவிப்பு. நாங்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். லாரிக்காரர் தன் மிஷினைத் தட்டி, "இதைச் சக்கரத்தோட தள்ளிட்டுப் போகலாமா?" என்றார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வேறு திமிங்கிலம் வந்தது. வால் மட்டும் பார்த்தேன். போதும்.

செலவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: கப்பல் டிக்கெட் தனி, டயாலிசிஸ் தனி. ஒவ்வொரு தடவைக்கும் பல நூறு டாலர், கையிலிருந்து. அமெரிக்காவில் டயாலிசிஸுக்கு வயது வித்தியாசமின்றி மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு கிடைப்பது 1972இல் நிக்சன் கையெழுத்திட்ட சட்டத்தால். அதற்கு முந்தின வருஷம் ஷெப் கிளேசர் என்ற நோயாளி நாடாளுமன்றக் குழுவின் முன்னாலேயே மிஷினில் மாட்டிக்கொண்டு சாட்சி சொன்னார். ஆனால் அந்த மெடிகேர் கப்பலில் நடக்கும் டயாலிசிஸுக்குப் பெரும்பாலும் பணம் தராது. தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் ரசீதை அனுப்பிக் கேட்டுப் பார்க்கலாம். அனுப்பினால்தானே தெரியும்? எங்களுக்கு என்ன வரும் என்று பார்க்கலாம்.

சாப்பாட்டு மேஜையில் ஒருவர் அறிமுகமானார். அவருக்கும் டயாலிசிஸ்தான், ஆனால் எங்கள் குழுவில் இல்லை. வயிற்று வழி டயாலிசிஸ். வயிற்றில் ஒரு மென்குழாய். ராத்திரி தூங்கும்போது சின்ன மிஷின் ஒன்று திரவத்தை வயிற்றுக்குள் விட்டு விட்டு எடுக்கும். திரவப் பெட்டிகளை மருந்துக் கம்பெனி நேராகக் கப்பலுக்கே அனுப்பிவிட்டதாம். கேபினுக்குள் போனால் அடுக்கி வைத்திருக்கிறது. நர்ஸ், அட்டவணை எதுவும் வேண்டாம். மாதக்கணக்கில் முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும், கைகழுவும் சுத்தத்தில் மட்டும் சமரசம் கூடாது. ஜூனோவில் முழு நாளும் சுற்றியிருக்கிறார் மனுஷன்.

வியாழன், விக்டோரியா

கப்பல் சாயங்காலம் கனடாவின் விக்டோரியாவில் நிற்கிறது, நள்ளிரவுக்குக் கிளம்புகிறது. இத்தனை அவசரமாக ஏன் ஒரு நிறுத்தம்? வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணிகளைச் சுற்றிக்காட்டி அமெரிக்காவிலேயே இறக்க வேண்டுமானால் நடுவில் ஓர் அந்நிய மண்ணைத் தொட வேண்டும் என்று 1886ஆம் வருஷத்துச் சட்டம். அந்தச் சட்டத்துக்காக ஒரு டீ குடித்துவிட்டு வந்தோம். மாகாணச் சட்டமன்றக் கட்டடம் முழுக்க விளக்குச் சரம். டீ 150 மில்லி.

வெள்ளி, சியாட்டில் விமான நிலையம்

இறங்கும்போது டயாலிசிஸ் குழு ஒரு கவர் கொடுத்தது. ஒவ்வொரு தடவையும் எடை, ரத்த அழுத்தம், எவ்வளவு இழுத்தது, கால் பிடித்தது வரை எழுதிய தாள்கள். நாளைக் காலை டாலஸில் நாற்காலி. அங்கே இதைக் கொடுத்தால்தான் அந்த அரைக் கிலோ பாக்கி அவர்களுக்குத் தெரியும்.

விமானத்துக்குக் காத்திருக்கையில் தென்காசியிலிருந்து பெரியம்மா மகன் போன். அண்ணனும் நம்ம ஜாதிதான், அவருக்கு வயிற்று வழி டயாலிசிஸ். மிஷின் இல்லாமல் கையாலேயே பை மாற்றுகிற முறை. நாளைக்கு நாலு பை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்தப் பைகள் வீட்டுக்கே வந்துவிடுகின்றன.

"தங்கச்சி, நானும் கப்பல்ல போக முடியுமா? அலாஸ்கா எல்லாம் வேண்டாம். பக்கத்துல எங்கயாச்சும்."

"முடியும் அண்ணே. என்னை விட உங்களுக்குத்தான் லேசு. ஆள் வேண்டாம், கரண்ட் வேண்டாம். பையைத் தொங்கவிட ஒரு கொக்கி, கதவைச் சாத்தி ஃபேனை நிறுத்தி மாத்த ஒரு அறை. ஆனா கணக்கு போட்டுக்கோங்க. ஒரு பை ரெண்டு லிட்டர். அஞ்சு நாளுன்னா இருபது பை, நாப்பது கிலோ. அவசரத்துக்கு நாலஞ்சு கூட வையுங்க. டாக்டர்கிட்ட கடுதாசி வாங்கி, கப்பல்காரங்களுக்கு முன்னாடியே எழுதிக் கேட்டு, சரின்னு பதில் வந்த பிறகுதான் டிக்கெட். வடிக்கிற தண்ணி கலங்கலா இருந்தா அது தொத்து, உடனே டாக்டர்கிட்ட காட்டணும். அதனால கரையை விட்டு ரொம்ப நாள் தள்ளிப் போற கப்பல் வேண்டாம்."

அண்ணன் எல்லாவற்றையும் மதினியை விட்டு எழுதிக்கொள்ளச் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கூட ஒரு ஆளும் வரணும்ல? அவளுக்குத் தண்ணியைக் கண்டாலே தலை சுத்தும்டீ" என்றார். பின்னாலிருந்து மதினி, "யாருக்குத் தலை சுத்துது? ராமேஸ்வரம் படகுல வாந்தி எடுத்தது யாரு?" என்று கேட்பது எனக்குத் தெளிவாகவே கேட்டது.